குடிநீரின் வரவும் செலவும்

பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று ஊதாரியைக் குறை கூறுவது நம் வழக்கு. கணக்குப் பாராமல் எடுக்கவும் கொடுக்கவும் கூடிய பொருள் தண்ணீர் என்று எண்ணியவர்கள் ஆக்கிய வழக்கு அது. பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நம்மவர்களுக்கு அது அத்தனை பொருந்துவதில்லை. விடியுமுன் எழுந்து குழாயில் ஓசை கேட்கிறதா என்று செவி சாய்ப்பதும், தண்ணீர் வரும் சிறிது நேரத்தில் வீட்டிலுள்ள பாத்திரம் அனைத்தையும் நிரப்பி வைப்பதும் நாம் நன்கு அறிந்தவையே. நகரத்தில் தண்ணீர் வந்து சேர்வதற்குச் செலவு உண்டு. பயன்பட்ட பின் அது வெளியேறுவதற்கும் செலவு உண்டு. அச்செலவுக்கு ஈடான வரவு கிடைக்கின்றதா, அதை எவ்வாறு அளப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மத்திய அரசாங்க அறிக்கைகளைத் தமிழில் பெயர்த்தெழுதுவது என் தொழில். நகரங்களின் நீர்வழங்கலைப் பற்றிய ஓர் அறிக்கையைப் பெயர்க்கும்போது ஒரு சொல்லில் இடர்ப்பட்டேன். மூலத்தில் ஒரே சொல் மூன்று பொருளில் வந்தது. மண்ணுக்குள் ஒழுகிப்போன தண்ணீரும் இழப்பு. சீட்டு அனுப்பியும் வசூலாகாத தொகையும் இழப்பு. ஆண்டு முடிவில் வரவை மிஞ்சிய செலவும் இழப்பு. முதலாவதைக் கசிவு என்றும், இரண்டாவதை நிலுவை என்றும், மூன்றாவதை நட்டம் என்றும் பிரித்து எழுதினேன். பிரித்த பிறகே விஷயம் எனக்கு விளங்கிற்று. கசிவுக்குப் பொறுப்பு குழாயைப் பராமரிப்பவர். நிலுவைக்குப் பொறுப்பு வசூலிப்பவர். இவ்விரண்டும் நீங்கிய பின்னும் நட்டம் எஞ்சுமாயின், அதற்குப் பொறுப்பு கட்டணத்தை நிர்ணயித்த சபை. மூன்றையும் ஒரே சொல்லில் மூடிவிட்டால் பொறுப்பு ஒருவரிடமும் தங்காது. இந்தப் பொறுப்பைத் தேடிய வரலாறு நம் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

பம்பாயிலிருந்து தொடங்குவோம். நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த அத்தீவில் மக்கள் கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்தனர். 1850-களின் நடுவில் மழை பொய்த்துக் கடும் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. ஹென்றி கோனிபேர் என்ற பொறியாளர், வடக்கே மித்தி ஆற்றின் தலைப்பில் அணை கட்டி ஏரி ஒன்றை உண்டாக்கி, அங்கிருந்து குழாய் வழியே நகருக்கு நீர் கொணரும் திட்டத்தை வகுத்தார். 1856-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1860-இல் முடிந்தது. விஹார் ஏரி எனப்படுவது அதுவே. தண்ணீர் மேட்டிலிருந்து தானே இறங்கி வந்தது. அதை ஏற்ற எந்திரம் வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் வந்தது, கூடவே கடனும் வந்தது. ஏரியைக் கட்டுவித்தது அரசாங்கம்; ஆயினும் அதன் செலவை நகரசபை கடனாக ஏற்றுத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றாயிற்று. 1865-இல் ஆர்தர் கிராஃபோர்டு நகராண்மைக் கமிஷனராகப் பதவியேற்றார். சாலை, சாக்கடை, சந்தை, சுகாதாரம் எனப் பல துறைகளில் ஊக்கத்துடன் பணியாற்றியவர் அவர். எனினும் செலவு வரம்பு மீறிற்று, நகரசபையின் நிதிநிலை சீர்குலைந்தது, வரிச்சுமை உயர்ந்தது. 1871-இல் வரி செலுத்துவோர் திரண்டு எழுந்து கணக்குக் கேட்டனர். கிராஃபோர்டு பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1872-இல் இயற்றப்பெற்ற சட்டம் 64 உறுப்பினர் கொண்ட நகரசபையை அமைத்து, அவர்களுள் 32 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வரி செலுத்துவோருக்கு வழங்கியது. தண்ணீர்க் கடன் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. ஆனால் எங்கள் பணம் எங்கே போயிற்று என்ற கேள்வியிலிருந்தே இந்நாட்டின் நகராட்சித் தேர்தல் உரிமையில் ஒரு பகுதி பிறந்தது என்பதை மறவாதிருத்தல் நன்று.

அக்காலத்தில் தண்ணீர் வரி, பயன்படுத்திய நீரின் அளவைக் கொண்டு விதிக்கப்பெறவில்லை. வீட்டின் மதிப்பில் இத்தனை சதவிகிதம் என்பதே முறை. இது எளியது; அளவுக் கருவி வேண்டியதில்லை; பெரிய வீட்டார் மிகுதியாகக் கொடுப்பர், சிறிய வீட்டார் குறைவாகக் கொடுப்பர் என்ற நியாயமும் இதில் உண்டு. குறையும் உண்டு. எவ்வளவு நீர் வழங்கப்பட்டது, எவ்வளவு கசிந்தது என்பதை இம்முறையால் ஒருபோதும் அறிய முடியாது.

பம்பாய் நகராண்மைக்கென 1888-இல் ஒரு விரிவான சட்டம் பிறந்தது. அதில் தண்ணீர் வரிக்கு அருகே ஹலால்கோர் வரி என்று ஒன்று காணப்பட்டது. மலக்கழிவை அகற்றுவதற்கான வரி அது. ஹலால்கோர் என்றால் நேரிய உழைப்பால் உண்பவர் என்று பொருள். அவ்வேலையைச் செய்தவர்களுக்கு வழங்கிய பெயர். பிற்காலத்தில் சட்டத்தில் அச்சொல் நீக்கப்பெற்றுக் கழிவுநீர் வரி என்று திருத்தப்பட்டது. சாக்கடைச் செலவின் தலைப்பில் ஒரு காலத்தில் மனிதனின் பெயர் இருந்தது. பின்பு குழாயின் பெயர் வந்து அமர்ந்தது. இதற்குப் பின்னர்த் திரும்பி வருவோம்.

மற்ற நகரங்களின் நிலை வேறு. கல்கத்தாவிற்கு ஆறு அருகிலேயே ஓடியது. 1870-ஐ ஒட்டி, பல்தா என்னுமிடத்தில் ஹூக்ளி நீரை வடிகட்டி நகருக்கு அனுப்பத் தொடங்கினர். வீடுகளுக்கு அளந்து கட்டணம் விதிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. தண்ணீர்ச் செலவு நகராண்மையின் பொதுக் கணக்கில் கலந்தே நின்றது. பெங்களூரின் கதை நேர் எதிரானது. மேட்டு நிலத்தில் அமைந்த அந்நகருக்குக் காவிரி நீர் 1974-இல் முதன்முதலாக வந்தது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு அந்த நீர் வருகிறது. அங்கே மின்சாரச் செலவே கணக்கின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஆகவே பம்பாயின் கணக்கையும் பெங்களூரின் கணக்கையும் அருகருகே வைத்து, அங்கே நிர்வாகம் திறமையுடையது, இங்கே திறமையற்றது என்று தீர்ப்புக் கூறுவது பிழையாகும். ஓரிடத்தில் நிலத்தின் சரிவு செய்யும் வேலையை மற்றோரிடத்தில் எந்திரம் செய்கிறது. எண்களை ஒப்பிடுமுன் அந்த எண்கள் பிறந்த மண்ணை அறிதல் வேண்டும்.

சுதந்திரத்திற்குப் பின் பெருநகரங்கள் பலவற்றில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியங்கள் எழுந்தன. பெங்களூரில் 1964-இலும், சென்னையில் 1978-இலும், ஹைதராபாத்தில் 1989-இலும், தில்லியில் 1998-இலும் இத்தகைய வாரியங்கள் அமைந்தன. பம்பாயில் தனி வாரியம் ஏற்படவில்லை. கணக்கு மட்டும் தனியாயிற்று. 1973-இல் உலக வங்கியைச் சார்ந்த பன்னாட்டு அபிவிருத்திச் சங்கம் அந்நகரின் நீர்வழங்கல், கழிவுநீர்த் திட்டத்திற்கு 5.5 கோடி டாலர் கடன் அளித்தது. கடன் கொடுத்தவர், திருப்பிச் செலுத்தும் வரவு எது என்று கேட்பது இயல்பே. நகராண்மையின் வரவுசெலவுத் திட்டத்தில் தண்ணீரும் கழிவுநீரும் ‘ஜி’ என்ற எழுத்திட்ட தனிப் பகுதியாக வழங்கலாயின. தனிக் கணக்கு என்பதன் பயன் யாதெனில், பற்றாக்குறை எங்கே பிறக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படும்.

அவ்வாறு புலப்படுவதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவேன். ஒரு சிற்றூர் நாள்தோறும் ஒரு கோடி லிட்டர் நீரை வழங்குவதாகக் கொள்வோம். ஆயிரம் லிட்டருக்குச் செலவு 10 ரூபாய். ஆக ஒரு நாள் செலவு 1,00,000 ரூபாய். ஆயிரம் லிட்டருக்குக் கட்டணம் 12 ரூபாய். செலவைக் காட்டிலும் விலை மிகுதி. எனவே லாபம் என்றே தோன்றும். ஆனால் நூற்றுக்கு 35 பங்கு கசிந்தோ கணக்கில் ஏறாமலோ போய்விடுகிறது. எஞ்சிய 65 பங்கிற்குச் சீட்டு அனுப்பினால் 78,000 ரூபாய். அதிலும் நூற்றுக்கு 80 பங்கே வசூலாகிறது. கைக்கு வருவது 62,400 ரூபாய். நாளொன்றுக்கு 37,600 ரூபாய் நட்டம்!

இதை ஈடுசெய்ய இரு வழிகள் உண்டு. கசிவையும் நிலுவையையும் அப்படியே விட்டுவிட்டுக் கட்டணத்தை மட்டும் உயர்த்துவது ஒரு வழி. அப்படியாயின் ஆயிரம் லிட்டருக்கு 19 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். கசிவை 20 சதவிகிதமாகக் குறைத்து வசூலை 90 சதவிகிதமாக உயர்த்துவது மற்றொரு வழி. அப்போது 14 ரூபாய் போதுமானது. இடையிலுள்ள ஐந்து ரூபாயைச் சுமப்பவர் யார்? ஒழுங்காகக் கட்டணம் செலுத்தும் குடும்பத்தினரே. பக்கத்துத் தெருவில் உடைந்த குழாயின் விலையை அவர்கள் மாதந்தோறும் கொடுத்து வருகிறார்கள்; சீட்டில் அது எழுதப்படுவதில்லை.

செலவை வரவால் வகுத்து வரும் எண்ணை இயக்க விகிதம் என்பர். அது ஒன்றுக்குக் குறைந்தால் அன்றாடச் செலவை வரவு தாங்குகிறது. ஒன்றை மிஞ்சினால் தாங்கவில்லை. 2007-ஆம் ஆண்டில் ஆசிய வளர்ச்சி வங்கியும் மத்திய நகர அபிவிருத்தி அமைச்சகமும் 20 நகரங்களின் நீர்வழங்கலை ஆராய்ந்து புள்ளிவிவரத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டன. சராசரியாக நாளொன்றுக்கு 4.3 மணி நேரமே தண்ணீர் வந்தது. நாள் முழுதும் நீர் வழங்கிய நகரம் அவற்றுள் ஒன்றுமில்லை. இணைப்புகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே மீட்டர் இருந்தது. அளக்காத நீருக்கு எழுதப்பட்ட கணக்கில் எத்துணை உறுதி இருக்க முடியும்?

மறு ஆண்டு, 2008-இல், அமைச்சகம் நாட்டின் நகரங்கள் அனைத்திற்கும் பொதுவான அளவுகோல்களை வகுத்தது. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 135 லிட்டர். 24 மணி நேர வழங்கல். எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர். வருவாய் ஈட்டாத நீர் 20 சதவிகிதத்திற்கு மேற்படாமை. செலவு முழுவதும் கட்டணத்தால் மீளல். அனுப்பிய சீட்டுகளில் 90 சதவிகித வசூல் என்பன அவற்றுட் சில. கழிவுநீருக்கும் இவ்வாறே தனி அளவுகோல்கள் விதிக்கப்பட்டன. பதின்மூன்றாம் நிதிக்குழு, 2010 முதல் 2015 வரை நகரசபைகளுக்கான மானியத்தின் ஒரு பகுதியைப் பெற, இத்தகைய இலக்குகளை வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

இதற்கு முன்பே, 2004-இல், தேசிய நகராண்மைக் கணக்கியல் கையேடு வெளிவந்திருந்தது. பழைய முறையில் கைக்கு வந்த பணமும் கையை விட்டுப் போன பணமுமே கணக்கு. அக்கையேடு இரட்டைப் பதிவு முறையைப் பரிந்துரைத்தது. அதில் தேய்மானம் என்ற பத்தியும் இடம்பெற்றது. பூமிக்கடியில் துருவேறும் குழாய் ஒவ்வோராண்டும் தன் மதிப்பில் ஒரு பகுதியை இழக்கிறது. அதை எழுதாத நிர்வாகம் இவ்வாண்டு மிச்சம் பிடித்ததாகக் காட்டலாம். குழாய் வெடிக்கும் நாளில் அம்மிச்சம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டால் எந்த வாரியத்தின் இயக்க விகிதமும் சில ஆண்டுகளுக்கு அழகாகவே தோன்றும்.

கணக்கில் ஏறாத செலவு எப்படித் திரும்பி வரும் என்பதற்குத் தில்லி ஒரு சான்று. 1955-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் யமுனையின் நீரோட்டம் திசை மாறியது. நவம்பர் மாதத்தில், நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை நீர் பின்னோக்கி ஏறி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் துறையை எட்டியது. குளோரினை மிகுதியாகக் கலந்தனர். ஆனால் ஒரு நோயை அது தடுக்கவில்லை. டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறத்தாழ 29,300 பேர் மஞ்சட்காமாலையால் தாக்குண்டனர். அது ஹெப்படைட்டிஸ் ஈ என்ற வகை என்பது பல ஆண்டுகளுக்குப் பின்பே தெளிவாயிற்று. அந்த 29,300 பேரின் மருத்துவச் செலவும் இழந்த கூலியும் எந்த நீர்வழங்கல் ஏட்டில் எழுதப்பட்டன? குடிநீரும் சாக்கடையும் வெவ்வேறு தலைப்புகளில் எழுதப்படலாம். ஆற்றில் அவை ஒன்றாகவே கலக்கின்றன.

வீட்டிற்குள் வரும் தண்ணீருக்குப் பணம் கொடுக்க மனம் ஒருவாறு இசைகிறது. வெளியேறும் கழிவுக்குக் கொடுக்க இசைவதில்லை. வழங்கும் நீரில் ஏறத்தாழ 80 சதவிகிதம் கழிவாகத் திரும்புகிறது என்பது பொறியாளர் கணிப்பு. அதைத் திரட்டிச் சுத்திகரிக்கும் பொறுப்போ பின்தள்ளப்பட்டே வந்துள்ளது. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாயிற்று. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர் அளவே. எஞ்சியதன் செலவை ஆறுகளும், கீழ்த்துறையில் அந்நீரை எடுத்தவர்களும் ஏற்றனர்.

ஏட்டுக்கு வெளியே நிற்கும் மற்றொரு கூட்டத்தினரும் உண்டு. குழாய் இணைப்பே இல்லாதவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்த நம் மக்களின் பழைய தலைமுறையினர் அந்நிலையை நன்கு அறிவர். இணைப்பு இல்லாதவரிடம் நிலுவை இல்லை, கசிவு இல்லை, அவர்களால் வாரியத்தின் விகிதமும் கெடுவதில்லை. ஆனால் அவர்கள் குடக்கணக்கிலும் பீப்பாய்க் கணக்கிலும் பிறரிடம் வாங்கும் நீர், குழாய் நீரைவிடப் பன்மடங்கு விலையுடையது. குடியிருப்பு சட்டப்படி அமைந்ததோ இல்லையோ, தண்ணீர் பெறும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எளியோருக்குச் சலுகை அளிப்பது சபைகளின் உரிமை. தில்லி அரசாங்கம் 2015-இல் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை என்று அறிவித்தது. இத்தகைய சலுகையின் தொகை எவ்வளவு, அதை ஈடுசெய்வது யார் என்பதை ஏட்டில் வெளிப்படையாக எழுதிவிட்டால், அது கொள்கை; எழுதாமல் விட்டால், அது நட்டத்தோடு நட்டமாக மறைந்துவிடும்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட ஹலால்கோரிடம் திரும்புவோம். வரியின் பெயர் மாறிய பின்னும் சாக்கடைக்குள் மனிதர் இறங்குவது நிற்கவில்லை. அதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் இயற்றப்பட்டன. சாக்கடையில் உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலை கூறுவது எவருக்கும் கூசும் செயல். ஆயினும், இயந்திரம் வாங்கும் செலவை மிச்சம் பிடித்த நிர்வாகங்களின் கணக்கில், அதுவரை எழுதப்படாதிருந்த ஒரு வரியை அத்தீர்ப்புகள் எழுதின என்றே கருதுகிறேன்.

நேயர்களே, தண்ணீர் வாரியம் லாபம் ஈட்டியது என்று கேட்டவுடன் மகிழவும் வேண்டாம். நட்டம் அடைந்தது என்று கேட்டவுடன் பழிக்கவும் வேண்டாம். சில கேள்விகளைக் கேட்டல் போதும். வழங்கிய நீரில் எவ்வளவு அளக்கப்பட்டது? சீட்டு அனுப்பியதில் எவ்வளவு வந்து சேர்ந்தது? குழாயின் தேய்மானம் எழுதப்பட்டதா? கழிவுநீர் எங்கே சென்றது? இணைப்பின்றி நின்றவர் எத்தனை பேர்? சாக்கடைக்குள் இறங்கியவர் எவரேனும் உண்டா?

இக்கேள்விகளைக் கேட்க நாம் யார், நாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அல்லவா என்று நம்முள் சிலர் ஒதுங்குவதைக் கண்டிருக்கிறேன். பம்பாயில் 1871-இல் கணக்குக் கேட்டவர்களுள்ளும் பல திசைகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருந்தனர். அந்நகரத்து வரியைச் செலுத்தினோம் என்பதே அவர்கள் காட்டிய உரிமை. நாம் வாழும் ஊரின் தண்ணீரைக் குடிக்கிறோம்; வரியும் கட்டணமும் செலுத்துகிறோம். அடுத்த முறை தண்ணீர்ச் சீட்டு வரும்போது தொகையைச் செலுத்திவிட்டு மடித்து வைத்துவிடாமல், நம் நகராட்சி வெளியிடும் ஆண்டுக் கணக்கையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்போமாக.